குடியேறியவரின் உடல்: பிரிட்டிஷ் புலம்பெயர் நாவல்களில் ஒரு பார்வை

அப்துல்ரசாக் குர்னாவின் ‘அட்மைரிங் சைலன்ஸ்’ நாவல் (1996) மருத்துவர் ஒருவரின் அறையில் தொடங்குகிறது. நெஞ்சுவலி என்று போன நாயகனைச் சோதித்த ஆங்கிலேய மருத்துவர், ஆப்பிரிக்க-கரீபியர்களுக்கு இதயம் பலவீனமாகத்தான் இருக்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். நாயகனுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் எந்த உறவும் இல்லை. இந்தியப் பெருங்கடல் தீவொன்றில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவன் அவன். மருத்துவரைத் திருத்த அவனுக்கு மனம் வரவில்லை. நோய் அவனுடையது; அதற்கான விளக்கம் அவன் தோலைப் பார்த்து எழுதப்பட்டுவிட்டது.

பிரிட்டனில் குடியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் எழுதிய நாவல்கள் எழுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இது. ‘நான் யார்’ என்று ஒருவர் தனக்குள் கேட்டுக்கொள்ளும் முன்பே தெரு, அலுவலகம், மருத்துவமனை, விமான நிலையம் எல்லாம் அவர் உடலைப் பார்த்து விடை சொல்லிவிடுகின்றன. கல்விப்புல விமர்சனமோ இந்த நாவல்களைப் பெரும்பாலும் கருத்துகளின் விளையாட்டாகவே படித்திருக்கிறது. 1994இல் பண்பாட்டுக் கோட்பாட்டாளர் ஹோமி பாபாவின் ‘தி லொகேஷன் ஆஃப் கல்ச்சர்’ வந்த பிறகு பண்பாட்டுக் கலப்பு, இடைவெளி, எல்லைகளின் கரைவு என்ற பேச்சே ஓங்கியது. ஆனால் நூல்களைத் திறந்தால் நம்மை எதிர்கொள்வது குளிர், பசி, பிரசவ வலி, எரியும் தலைச்சருமம், விற்கப்பட்ட சிறுநீரகம். அடையாளம் என்பது இந்த எழுத்தாளர்களுக்கு முதலில் உடம்பில் படும் ஒன்று. இதை மறந்தால் பாதி நாவல் கையை விட்டுப் போய்விடும்.

வரலாறும் அதையே சொல்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் காலனி நாட்டவருக்குப் பிரிட்டனில் வந்து வாழும் வழியை உறுதிசெய்தது. அதே ஆண்டு ஜூனில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் கரீபியப் பயணிகளோடு டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. 1962ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் கதவைச் சாத்தத் தொடங்கியது. வழி குறுகக் குறுக, வருபவரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்புக் குறைந்து அவர் உடல் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது. 1979 ஜனவரியில், நிச்சயித்த மணமகனை மணக்க ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார். அவர் ஏற்கெனவே மணமானவராக இருக்கலாம் என்ற சந்தேகம்தான் காரணம். ‘கார்டியன்’ நாளிதழ் அதை வெளியிட்டதும் அந்த வழக்கம் தடைசெய்யப்பட்டது. குறைந்தது 80 பெண்கள் இப்படிச் சோதிக்கப்பட்டார்கள் என்பது, ஆய்வாளர்கள் அரசுக் கோப்புகளைத் தோண்டிய பிறகு 2011இல்தான் தெரியவந்தது. குடும்பத்தோடு சேர விண்ணப்பித்த பிள்ளைகளின் வயதைக் கணிக்க எலும்புகளை எக்ஸ்ரே எடுத்த காலமும் அதுவே.

இந்த நாவல்களின் தொடக்கப் புள்ளியாகப் பலரும் சாம் செல்வனின் ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ (1956) நூலைச் சொல்வார்கள். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரிஸ் ‘வாயேஜ் இன் தி டார்க்’ நாவலில் லண்டன் குளிரில் உறைந்துபோகும் தீவுப் பெண்ணொருத்தியை எழுதிவிட்டார். அவள் வெள்ளைக்காரி. ஆனாலும் அவள் உடம்புக்கு இங்கிலாந்து ஒத்துக்கொள்ளவே இல்லை. குளிர் இங்கே பருவநிலை மட்டுமல்ல, முதல் அந்நியன் என்பதை ரிஸ் கண்டுகொண்டிருந்தார்.

செல்வன் ட்ரினிடாடில் 1923இல் பிறந்தவர். தந்தை சென்னையிலிருந்து போன தமிழ்க் கிறிஸ்தவர்; தாய்வழியில் ஸ்காட்லாந்து இரத்தமும் உண்டு. 1950இல் லண்டனுக்கு வந்தார். அவருடைய நாவலில் கேலஹாட் என்ற இளைஞன் குளிர்கால மாலையில் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறான். மேலங்கி இல்லை, வெப்பநாட்டு உடை. வரவேற்கப் போன மோசஸ் திகைத்து நிற்க, தனக்குக் குளிரவே இல்லை என்கிறான். பிறகு கோடையில் எல்லோரும் வியர்க்கும்போது இவனுக்கு நடுக்கம். வாசகர் சிரிப்பார். ஆனால் அந்த உடம்பு புது ஊரின் தட்பவெப்பக் கணக்கைப் படித்துக்கொள்ள முடியாமல் தவிக்கிறது என்பது மெல்லப் புரியும். மறுநாள் காலை தனியே தெருவுக்கு வந்தவன் வானத்தில் சூட்டில்லாத சூரியனைப் பார்த்து அரண்டுபோகிறான்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவர்களுடைய அட்டைகளின் தலையில் சிவப்பு மையில் ஒரு குறி இருக்கிறது: எந்த ஊர், என்ன நிறம். படிப்போ தொழிலோ அதற்குப் பிறகுதான். ஒரு நாள் தெருவில் வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று கேலஹாட்டைக் காட்டித் தாயிடம் ஏதோ சொல்கிறது. இரவு படுக்கையில் அவன் தன் கையைப் பார்த்து, அதன் நிறத்தோடு பேசுகிறான். தொல்லையெல்லாம் தன்னால் வருவதல்ல, அந்த நிறத்தால் வருவது என்று, அது வேறொரு ஆள் என்பதுபோல அதைத் திட்டுகிறான். செல்வனின் நாவலுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சில் ஃபிரான்ஸ் ஃபனோன் எழுதிய ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ நூலிலும் ஏறத்தாழ இதே காட்சி வருகிறது. அங்கேயும் விரலை நீட்டுவது ஒரு குழந்தை. அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1967இல்தான் வந்தது. மார்ட்டினிக்கில் பிறந்த மருத்துவரும் ட்ரினிடாடில் பிறந்த நாவலாசிரியரும் வெவ்வேறு நகரங்களில் ஒரே காயத்தைப் பதிவுசெய்திருக்கிறார்கள் என்றால், அந்தக் காயம் தனிமனிதரின் கூச்ச சுபாவத்தால் வந்ததல்ல.

குளிர்காலத்தில் வேலை போய், பசி வந்தபோது கேலஹாட் பூங்காவில் புறா பிடிக்கிறான். அதைப் பார்த்துவிட்ட ஆங்கிலேயப் பெண்மணி பதறுகிறாள். பறவைக்காகப் பதறும் நகரம் பட்டினி கிடக்கும் மனிதனைப் பார்க்கவில்லை. செல்வன் இதைப் பிரசங்கமாக்காமல் ட்ரினிடாட் பேச்சு ஆங்கிலத்தில், நண்பர்கள் அரட்டையின் தாளத்தில் சொல்லிப் போகிறார். நாவலின் பெருங்குறை பெண்கள். வெள்ளைப் பெண்களின் உடல் இந்த ஆண்களுக்கு வெற்றிக் கோப்பையாகவே தெரிகிறது. கறுப்புப் பெண்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். தன் உடலைப் பிறர் பார்க்கும் விதத்தால் நோகும் ஆண், அதே பார்வையைப் பெண் மீது திருப்புவதை நாவல் போதுமான அளவு கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் புச்சி எமெச்செட்டா. நைஜீரியாவில் பிறந்து, 1962இல் லண்டனுக்கு வந்து, பிள்ளைகளைத் தனியே வளர்த்தபடி எழுதியவர். ‘செகண்ட்-கிளாஸ் சிட்டிசன்’ (1974) அவருடைய வாழ்க்கையை ஒட்டிய நாவல். அதா என்ற நாயகி வாடகைக்கு அறை கேட்டுத் தொலைபேசியில் பேசும்போது, குரலில் ஆப்பிரிக்கா தெரியக் கூடாது என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். குரல் ஏமாற்றிவிடுகிறது. நேரில் போனதும் முகம் காட்டிக்கொடுக்கிறது. அறை இல்லை.

நாவலின் உச்சம் பிரசவ வார்டு. நெடிய வேதனைக்குப் பின் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கிறார்கள். அதாவுக்கு அந்த வலியைவிட, மற்ற பெண்கள் எல்லோரும் வீட்டிலிருந்து வந்த சொந்த இரவு உடையில் இருக்கத் தான் மட்டும் மருத்துவமனை அங்கியில் கிடப்பது பெரிய அவமானமாக இருக்கிறது. நிறம், வறுமை, கணவனின் அலட்சியம் மூன்றும் அந்த ஒரு துணியில் சேர்ந்துவிடுகின்றன. பிறகு கருத்தடைச் சாதனத்துக்காகப் போகிறாள். கணவனின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அவளே போட்டுவிடுகிறாள். விஷயம் தெரிந்ததும் கணவன் அடிக்கிறான். அவள் எழுதிய நாவலின் கையெழுத்துப் பிரதியையும் அவன் எரிக்கிறான். தன் குழந்தையைக் கொன்றதாகவே அதை அவள் உணர்கிறாள். வெள்ளை நாடு ஒரு பக்கம், சொந்த வீடு ஒரு பக்கம் என இரண்டும் உரிமை கொண்டாடும் ஓர் உடலை இவ்வளவு துல்லியமாக எழுதிய இன்னொரு நாவல் அந்தக் காலத்தில் இல்லை என்றே சொல்ல வேண்டும். எமெச்செட்டாவுக்குக் கிடைத்த விமர்சனக் கவனம் அவருக்குப் பின்வந்த ஆண் எழுத்தாளர்களுக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை.

எண்பதுகளின் இறுதியில் தொனி மாறுகிறது. பிரிட்டனிலேயே பிறந்த, அல்லது அங்கே படித்து வளர்ந்த எழுத்தாளர்கள் உடலை வேடமாகவும் உருமாற்றமாகவும் எழுதத் தொடங்கினார்கள். சல்மான் ருஷ்தியின் ‘தி சாத்தானிக் வெர்சஸ்’ (1988) மத அரசியல் புயலில் சிக்கியதால், அதில் உள்ள மிகக் கூர்மையான குடியேற்றக் காட்சி அதிகம் பேசப்படவில்லை. ஆங்கிலேயனைவிட ஆங்கிலேயனாக வாழ்ந்த சலாதின் சம்சா, கொம்பும் குளம்பும் முளைத்த ஆட்டு உருவமாக மாறிவிடுகிறான். குடிவரவு அதிகாரிகள் வேனுக்குள் அவனை அடித்து நொறுக்குகிறார்கள். அவனுடைய புது உருவம் அவர்களுக்குக் கொஞ்சமும் வியப்பளிக்கவில்லை. எப்போதும் அவனை அவர்கள் அப்படித்தானே பார்த்தார்கள்! மருத்துவமனையில் அவனைப் போலவே விலங்காகிப்போன மற்ற குடியேறிகளும் இருக்கிறார்கள். வர்ணிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் வர்ணித்தபடியே தாங்கள் மாறிவிட்டதாக அவர்களில் ஒருவன் விளக்குகிறான்.

ஹனீஃப் குரேஷியின் ‘தி புத்தா ஆஃப் சபர்பியா’ (1990) இதையே நாடக மேடைக்குக் கொண்டுபோகிறது. குரேஷியின் தந்தை சென்னைக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். குடும்பத்தில் பலர் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானுக்குப் போனவர்கள். நாவலின் கரீம், லண்டன் புறநகரில் ஆங்கிலேயத் தாய்க்குப் பிறந்தவன். நடிகனாக அவனுக்குக் கிடைக்கும் வேடம் ‘தி ஜங்கிள் புக்’ கதையின் மௌக்லி. இடுப்பில் கச்சை, மேனியெங்கும் பழுப்புச் சாயம், வாயில் அவன் வீட்டில் யாரும் பேசாத ‘இந்திய’ உச்சரிப்பு. அவனுடைய இயல்பான நிறம் இயக்குநருக்குப் போதவில்லை. அசல் இந்தியன் என்பவன் வெள்ளை மனத்தில் ஏற்கெனவே இருக்கிறான். உண்மையான உடல் அந்தப் படத்துக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

ஜேடி ஸ்மித்தின் ‘வைட் டீத்’ (2000) முழுக்க உடலுறுப்புகளால் கட்டப்பட்ட நாவல். போரில் செயலிழந்த வலது கையோடு உணவகத்தில் பரிமாறும் சமத், விபத்தில் மேல்பற்களை இழந்த கிளாரா, தாயின் பற்கள் பொய்ப்பற்கள் என்று தற்செயலாகக் கண்டுபிடித்து உடைந்துபோகும் மகள் ஐரி. ஐரிக்கு நேரான கூந்தல் வேண்டும். அழகு நிலையத்தில் பூசிய ரசாயனம் தலைச்சருமத்தை எரிக்கிறது, முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. கடைசியில் வேறொருத்தியின் முடியை விலைக்கு வாங்கிப் பின்னிச் சேர்த்துக்கொள்கிறாள். இங்கே அதட்டும் அதிகாரி யாரும் இல்லை. அந்தப் பெண் தானாகவே போய், காசு கொடுத்து, வரிசையில் காத்திருந்து வலியை வாங்குகிறாள். செல்வனின் ஆட்கள் வெளியிலிருந்து வந்த பார்வையால் நொந்தார்கள். ஐரியின் தலைமுறையில் அந்தப் பார்வை கண்ணாடிக்குள் குடியேறிவிட்டது. ஆண்ட்ரியா லெவியின் ‘ஃப்ரூட் ஆஃப் தி லெமன்’ (1999) நாவலில் ஃபெய்த் தன் கறுப்பு முகம் தெரியக் கூடாதென்று கண்ணாடியையே துணியால் மூடுகிறாள்.

லெவியின் தந்தை விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர். லெவியின் ‘ஸ்மால் ஐலண்ட்’ (2004) முடிவில், வெள்ளைக்காரியான குவீனி தான் பெற்ற கலப்பினக் குழந்தையை ஜமைக்கத் தம்பதியிடம் ஒப்படைக்கிறாள். தாயின் நிறம் ஒன்று, பிள்ளையின் நிறம் வேறு என்பதாலேயே, 1948இன் லண்டனில் பெற்றவளால் அந்தக் குழந்தையை வளர்க்க முடியவில்லை. பண்பாட்டுக் கலப்பைக் கொண்டாடும் கட்டுரைகள் இந்தக் காட்சியை நின்று படிக்க வேண்டும்.

உடையைப் பற்றி இரண்டு நாவல்கள் நேரெதிராகப் பேசுகின்றன. மோனிகா அலியின் ‘பிரிக் லேன்’ (2003) நாயகி நஸ்னீன், தன் வாழ்க்கையை வகுத்தது விதியல்ல, உடுத்திய சேலைதான் என்று ஒரு கணம் எண்ணுகிறாள். லைலா அபுலேலாவின் ‘மினாரெட்’ (2005) நாயகி நஜ்வா, சூடானின் மேட்டுக்குடியில் பிறந்து லண்டனில் வீட்டுவேலை செய்பவள். அவள் முதன்முறை தலையை மூடித் தெருவில் நடக்கும்போது ஆண்களின் கண்கள் தன்னை விட்டு விலகுவதை நிம்மதியாக உணர்கிறாள். ஒருத்திக்குத் துணி கட்டு, மற்றவளுக்குக் காப்பு. இரண்டில் எது சரி என்று தீர்ப்பளிப்பது வெளியாரின் வேலையல்ல. ‘பிரிக் லேன்’ பனிச்சறுக்கு அரங்கில் விடுதலையாக முடிவது கொஞ்சம் எளிதான முடிவு. அதைவிட வலுவானவை, கணவனின் காலாணியை நஸ்னீன் சீவி எடுக்கும் பக்கங்கள். அருவருப்பும் கடமையும் பரிவும் கலந்த அந்தத் தாம்பத்தியத்தை வேறெந்தக் காட்சியும் இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை.

புத்தாயிரத்தின் நாவல்களில் மிக முக்கியமானதாக சஞ்சீவ் சஹோட்டாவின் ‘தி இயர் ஆஃப் தி ரன்அவேஸ்’ (2015) நூலைச் சொல்ல வேண்டும். ஷெஃபீல்டில் ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழும் இந்திய இளைஞர்கள். அவதார் மாணவர் விசாவில் வருவதற்குத் தன் சிறுநீரகத்தை விற்றிருக்கிறான். கட்டடத் தளம், சமையலறை, கிடைத்த இடத்தில் எல்லாம் உழைக்கிறார்கள். இங்கே ‘நான் இந்தியனா, பிரிட்டிஷா’ என்ற கேள்விக்கு யாருக்கும் நேரமில்லை. இன்று வேலை உண்டா, கால் நாளைக்கும் தாங்குமா என்பதுதான் கேள்வி.

அவர்களில் தோச்சி தலித். பீகாரில் சாதிக் கும்பல் அவன் குடும்பத்தைக் கொன்றது. கடல் கடந்தாலும் சாதி கூடவே வருகிறது. இங்கிலாந்தில் வாழும் சொந்த நாட்டவர்களே பெயரைத் துருவி, குலத்தைக் கேட்டு, தெரிந்ததும் விலகுகிறார்கள். வெள்ளையருக்கு இவர்கள் எல்லோரும் ஒரே பழுப்பு. அந்தப் பழுப்புக்குள் தீண்டாமை தன் கோட்டைத் தானே கிழித்துக்கொள்கிறது. நிறவெறியைப் பேசிய பல தெற்காசிய நாவல்கள் தொடாமல் விட்ட இடத்தை சஹோட்டா தொட்டார். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க நாடாளுமன்றம் 2013இல் வழிசெய்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டது. நாவல் சொன்னதைச் சட்டம் இன்னும் சொல்லவில்லை.

கமிலா ஷம்சியின் ‘ஹோம் ஃபயர்’ (2017), சோஃபகிளீசின் ‘ஆண்டிகனி’ நாடகத்தை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவருகிறது. ஹீத்ரோவில் இஸ்மா என்ற பெண்ணின் விசாரணையில் தொடங்கி, கராச்சிப் பூங்காவில் பனிக்கட்டிகளுக்கு நடுவே கிடத்திய சகோதரனின் பிணத்தருகே அமரும் தங்கையிடம் போகிறது. அவன் பிறந்த மண்ணில் அவனைப் புதைக்க உள்துறை அமைச்சர் அனுமதிக்கவில்லை. உயிரோடிருக்கும் உடலைச் சந்தேகித்த அரசு இப்போது பிணத்தையும் நாடு கடத்துகிறது. இரண்டு ஆண்டுகளில், 2019 பிப்ரவரியில், ஐ.எஸ். அமைப்பில் சேர சிரியா சென்ற ஷமீமா பேகத்தின் குடியுரிமையை உள்துறை அமைச்சர் சாஜித் ஜாவித் பறித்தபோது நாவலின் கற்பனை செய்தித்தாளுக்கு வந்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு ஒரு குறை தெரிகிறது. இளம் உடலும் ஆசைப்படும் உடலும் இந்த நாவல்களில் நிறைய உண்டு. குடியேறிய நாட்டிலேயே கிழடு தட்டி, பராமரிப்பு இல்லத்தில் பிறமொழிச் செவிலியரின் கையில் கிடக்கும் உடல் மிகக் குறைவு. குர்னாவின் ‘தி லாஸ்ட் கிஃப்ட்’ (2011), நோயில் விழுந்து பேச்சிழந்த தந்தை அப்பாஸை மையமாக வைத்து அந்தப் பக்கம் திரும்பிய அரிய நாவல். 2022 டிசம்பரில் ரோமில் மயங்கி விழுந்த குரேஷி கை கால் செயலிழந்தார். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து பிறர் கையால் எழுதுவித்த குறிப்புகள் 2024இல் ‘ஷாட்டர்ட்’ என்ற நூலாயின. புறநகர் இளைஞனின் உடலைக் கொண்டாடிய எழுத்தாளரிடமிருந்து வந்த அந்நூல், நாவல்கள் இனிப் போக வேண்டிய திசையைக் காட்டுகிறது.

இந்தக் கதையில் ஈழத்தமிழருக்கும் இடம் உண்டு. 1958 கலவரத்துக்குப் பின் லண்டன் போன அ. சிவானந்தன், இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு 1997இல் ‘வென் மெமரி டைஸ்’ நாவலை வெளியிட்டார். ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் லண்டனிலிருந்து தமிழிலேயே நாவல்கள் எழுதி வந்திருக்கிறார். ஆனால் 1983 கலவரத்துக்குப் பின் அங்கே போன பெருந்திரளின் உடல், இங்கே பேசிய நாவல்களின் வரிசையில் இன்னும் போதிய அளவு இடம்பெறவில்லை. பெட்ரோல் நிலையத்தின் இரவு வேலை, கடைக் கல்லாவில் நின்றே கழிந்த முழங்கால்கள், முதுகில் சுமந்து வந்த தழும்புகள்.

தழும்பு என்பது வெறும் உருவகமல்ல. இலங்கையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடப்பட்டதாகச் சொல்லிப் புகலிடம் கேட்ட ஒரு தமிழரின் வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. புகலிடம் பெறுவதற்காக அவரே வேறொருவரைக் கொண்டு சுட வைத்திருக்கலாம் என்று கீழ்த் தீர்ப்பாயம் கருதியிருந்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்துசெய்து வழக்கை மறுபரிசீலனைக்கு அனுப்பியது. ஒரு மனிதனின் முதுகைப் பல ஆண்டுகள் நீதிபதிகளும் மருத்துவர்களும் படித்திருக்கிறார்கள். அந்த முதுகை ஒரு நாவலாசிரியர் படிக்க வேண்டும். லண்டனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள், பெற்றோர் பேசாமல் விட்ட உடம்பின் கதைகளை அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு, ஆங்கிலத்திலோ தமிழிலோ எழுத முன்வர வேண்டும். நம் பதிப்பாளர்கள் அதை அவர்களிடம் கேட்டுப் பெற வேண்டும்.